பட்டறை பதில்கள்: பெயின்ட் டப்பாவை மூடி வையுங்கள்

கோவை கணபதிப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் 34 வருடம் பேட்டர்ன் மேக்கராக வேலை பார்த்தவன் நான். வார்ப்புக்கு மர அச்சு செய்வதுதான் தொழில். ஓய்வுக்குப் பிறகு கார் ஷெட் என் பட்டறையாகிவிட்டது. கார் வேப்பமரத்தடியில் நிற்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்துக்குப் பதில்.

கேள்வி: மூடிய ஒரு பேட்டர்ன் ஷாப்பிலிருந்து 18 இஞ்ச் பேண்ட் ஸா (இரண்டு சக்கரத்தில் பட்டை ரம்பம் ஓடும் மெஷின்) ஒன்றை உக்கடம் பழைய இரும்புக் கடை மூலம் எடை விலைக்கு வாங்கினேன். எங்கும் துரு. கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டித் தேய்த்துவிட்டு, பச்சை பெயின்ட் அடிக்கப் போகிறேன். பெயின்ட் வாங்கியாயிற்று. எந்த ப்ரைமர் நல்லது? (ஈரோடு, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, முதலில் அந்த டப்பாவை மூடி பரண் மேல் வையுங்கள். பெயின்ட் கடைசி வேலை. எனக்கு வரும் பத்துக் கடிதத்தில் ஏழு பெயின்ட்டில்தான் ஆரம்பிக்கிறது. பளபளவென்று பெயின்ட் அடித்து, உள்ளே பேரிங் கரகரவென்று அரைக்கும் மெஷின்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

பிரிப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்கச் சும்மா பாருங்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எங்கே இறுகுகிறது, எங்கே ஆடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று போட்டோ எடுங்கள். "ஞாபகம் இருக்கும்" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. இருக்காது.

அப்புறம் வார்ப்பில் விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். சந்தையில் சட்டி வாங்கும்போது விரலால் தட்டிப் பார்ப்போமே, அதேதான். சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் நல்ல வார்ப்பு கணீரென்று சொல்லும், விரிசல் விட்டது தொப்பென்று சொல்லும். சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வந்து வெள்ளையில் கோடு போடும். ஃபவுண்டரியில் நாங்கள் பார்த்த முறை இது. மேஜையைத் தாங்கும் பிராக்கெட்டை முதலில் பாருங்கள்; லாரியில் ஏற்றி இறக்கும்போது அடிபடும் இடம் அது.

துருவுக்கு வருவோம். மேஜையின் மேல் முகத்தில் கிரைண்டர் வைக்கவே வேண்டாம். மெஷினிங் செய்த முகம் அது, குழி விழுந்தால் திரும்ப வராது. மண்ணெண்ணெய் ஊற்றி, ரம்பத் தகட்டுத் துண்டு ஒன்றால் படுக்கவைத்துச் சுரண்டுங்கள். துரு மாவாக வரும். கறை கொஞ்சம் மிச்சம் இருந்தால் இருக்கட்டும். கறை இருந்தால் பலகை நகராதா என்ன?

நட்டு, கைப்பிடி, கைடு மாதிரி சின்ன இரும்புகளுக்கு மின்சார முறை இருக்கிறது. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், 5 லிட்டருக்கு ஒரு பெரிய கரண்டி வாஷிங் சோடா. ஆப்ப சோடா அல்ல, சலவைக்குப் போடுவது. பழைய 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் துருப்பிடித்த சாமானுக்கு, பாசிட்டிவ் ஒரு வேண்டாத இரும்புக் கம்பிக்கு. இரண்டும் தொடக் கூடாது. மாற்றிக் கொடுத்தால் சாமான் கரையும், கம்பி சுத்தமாகும்! பாசிட்டிவ் பக்கத்தில் எவர்சில்வர் தட்டு போடாதீர்கள். அதில் இருக்கும் குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். வரும் குமிழிகள் ஹைட்ரஜன், அதனால் திறந்த இடத்தில் வையுங்கள், பீடி பக்கத்தில் வேண்டாம். மறுநாள் எடுத்துக் கழுவியவுடன் வெயிலில் காயவைத்து உடனே எண்ணெய் தடவுங்கள். காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று போனால் திரும்பி வரும்போது செம்மண் நிறத்தில் காத்திருக்கும்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போதும் உலர்ந்த உப்புத்தாள் கூடாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டுகளுக்கே 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற கட்டுப்பாடு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈரமாக வைத்துச் சுரண்டி, கழிவைக் காகிதத்தில் சுருட்டி அப்புறப்படுத்துங்கள்.

பழைய மெஷின் என்பதால் போல்ட்டு விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரை அளவில் இருக்க வாய்ப்பு அதிகம். அரை இஞ்ச் விட்வொர்த்துக்கு ஒரு இஞ்சுக்கு 12 மரை, 55 டிகிரி. அமெரிக்க அரை இஞ்சுக்கு 13 மரை, 60 டிகிரி. பார்வைக்கு ஒன்றுதான். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் இரண்டு மூன்று சுற்று ஏறி இறுகிக்கொள்ளும். அங்கே நீங்கள் பலம் காட்டினால் வார்ப்பில் இருக்கும் மரை போய்விடும். ஆகவே பழைய போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கழலாத நட்டு எல்லாம் துருவால்தான் கழலவில்லை என்று நினைக்காதீர்கள். என் கதையையே சொல்கிறேன். ஷெட்டுக்கு வந்த முதல் மெஷின் ஒரு பழைய பெஞ்ச் கிரைண்டர். இடது பக்க நட்டு அசையவில்லை. மூன்று நாள் டீசல் ஊற்றினேன். சூடு காட்டினேன். கடைசியில் ஸ்பேனரில் பைப் சொருகித் தொங்கினேன். ஸ்பிண்டில் மரை போயிற்று. கிரைண்டரின் இடது பக்கம் இடது மரை, கழற்ற வலப்பக்கம் திருப்ப வேண்டும். 34 வருடம் தினமும் பார்த்த சமாச்சாரம்! பேண்ட் ஸாவிலும் சக்கர நட்டு ஒன்று இடது மரையாக இருக்கலாம். நுனியில் தெரியும் மரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

ப்ரைமர் கேட்டீர்களே. ரெட் ஆக்சைடு போதும். ஆனால் அந்த வேலை எட்டு வாரம் கழித்துத்தான்.

கேள்வி: பழைய மரக் கடைசல் லேத் வாங்கினேன். மோட்டார் 2 எச்.பி., த்ரீ ஃபேஸ். வீட்டில் ஓடுமா? (திண்டுக்கல்)

முதலில் மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள் தம்பி. நம் ஊரில் நிறைய வீடுகளுக்கு த்ரீ ஃபேஸ் இணைப்பே இருக்கிறது, வீட்டுக்காரருக்குத்தான் தெரியாது. இருந்தால் ஒரு ஸ்டார்ட்டர் போட்டு எலக்ட்ரீஷியனை வைத்து இணைத்துவிடலாம்.

சிங்கிள் ஃபேஸ்தான் என்றால் விஎஃப்டி என்ற பெட்டி வேண்டும். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் வாங்கி 230 வோல்ட் த்ரீ ஃபேஸ் தரும். மோட்டாருக்குள் இருக்கும் சுருள்களை ஸ்டார், டெல்டா என்று இரண்டு விதமாக இணைக்கலாம். மோட்டார் பெயர்ப்பலகையில் 415 வோல்ட், ஸ்டார் என்று இருந்து, மோட்டாரின் வயர் இணைக்கும் பெட்டியில் ஆறு முனைகளும் வெளியே வந்திருந்தால் டெல்டாவாக மாற்றிக் கட்டலாம். அது 240க்குச் சரியாகும். 415க்கே டெல்டா என்று இருந்தால் இந்த விஎஃப்டி சரிப்படாது. விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் வைக்காதீர்கள், விஎஃப்டி போய்விடும். திசை மாறிச் சுற்றினால் மோட்டார் பக்கம் இரண்டு வயரை மாற்றினால் போதும். செய்த சாமானை விற்கத் தொடங்கினால் வீட்டுக் கட்டண இணைப்பில் ஓட்டக் கூடாது, ஞாபகம் இருக்கட்டும்.

கேள்வி: 18 இஞ்ச் பேண்ட் ஸாவுக்கு எந்தப் புல்லி? என்னுடையது பயங்கரமாக அலறுகிறது. (சேலம்)

மோட்டாரில் பெரிய புல்லி போட்டிருப்பீர்கள். மரத்துக்கு பிளேடு நிமிடத்துக்கு 3000 அடி ஓடினால் தாராளம். 18 இஞ்ச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 4.7 அடி, ஆக சக்கரம் நிமிடத்துக்கு 640 சுற்று. மோட்டார் 1440 சுற்று என்றால் அதில் 4 இஞ்ச், சக்கரத்தில் 9 இஞ்ச் புல்லி. கணக்கு அவ்வளவுதான். பிளேடு நீளமும் கேட்டிருக்கிறீர்கள்: இரண்டு சக்கர மையங்களுக்கு இடையிலான தூரத்தை இரட்டித்து, ஒரு சக்கரத்தின் சுற்றளவைக் கூட்டுங்கள். அளக்கும்போது மேல் சக்கரத்தை முழு உயரத்திலிருந்து ஒரு இஞ்ச் இறக்கி வையுங்கள்.

கேள்வி: பழைய சாமான் கடையில் பர்மா தேக்குப் பலகை வாங்கி, 58 வயதில் முதல் முறையாக ஒரு டீப்பாய் செய்தேன். மேல் பலகையைச் சட்டத்தில் சுற்றிலும் பசை போட்டு, ஆணியும் அடித்தேன். ஐப்பசியில் செய்தது, சித்திரையில் நடுவில் பிளந்துவிட்டது. நூறு வருடத் தேக்கு கூடவா பிளக்கும்? (காரைக்குடி, வாசகி)

அம்மா, தேக்கின் மேல் தப்பில்லை. நீங்கள் அதைக் கட்டிப்போட்டுவிட்டீர்கள்.

என் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஒரு நூல் சுருங்கும். அதற்காகவே அடிக்கு ஒரு நூல் கூடுதலாகக் கோடு போட்ட தனி அளவுகோல் வைத்திருப்போம். இஞ்ச் என்றால் எட்டு நூல், உங்கள் ஊர் ஆசாரிகளுக்கும் இதே பேச்சுத்தான். இரும்பு ஒரு தடவை சுருங்கி அப்படியே நின்றுவிடும். மரம் நிற்காது. நூறு வருடம் ஆனாலும் மழையில் விரியும், வெயிலில் சுருங்கும். அதுவும் நீளவாக்கில் அனேகமாக இல்லை, அகலவாக்கில்தான். மரத்தின் வளையத்தை ஒட்டி அறுத்த பலகை, வளையத்துக்குக் குறுக்கே அறுத்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். நீங்கள் மழையில் ஊதியிருந்த பலகையை நாலு பக்கமும் பூட்டினீர்கள். சித்திரையில் அது சுருங்கப் பார்த்தது, இடமில்லை, பிளந்தது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பழைய பலகைக் கதவு இருந்தால் கிட்டே போய்ப் பாருங்கள். நடுப்பலகை சட்டத்தின் காடிக்குள் சும்மா நிற்கும். பசையோ ஆணியோ இருக்காது. சட்டத்தைத்தான் கழுந்தும் துளையுமாக இறுக்கியிருப்பார்கள். பலகை உள்ளே மூச்சு விட்டுக்கொள்ளும். எந்தப் புத்தகத்தையும்விட அந்தக் கதவு நன்றாகச் சொல்லித் தரும்.

இனி என்ன செய்யலாம்? ஆணிகளைப் பிடுங்கி, பலகையைக் கழற்றுங்கள். பிளவின் மேலேயே நேராக அறுத்து, இரண்டு ஓரத்தையும் இழைத்து மறுபடி ஒட்டுங்கள். அகலம் ஒரு நூல் குறையும், குறையட்டும். மாட்டும்போது கீழிருந்து திருகு போடுங்கள். நடுத் திருகு மட்டும் இறுக்கம். ஓரத் திருகுகளுக்குச் சட்டத்தில் இருக்கும் துளையை, பலகை அகலத்தின் திசையில் கொஞ்சம் நீட்டிவிடுங்கள், வாஷர் வையுங்கள். பசை வேண்டவே வேண்டாம்.

இழைப்பதற்கு முன் பலகை முழுக்க ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். பழைய தேக்குக்குள் உடைந்த ஆணி ஒளிந்திருக்கும். இழைப்புளி அலகு பல்லுப் போன பிறகு தெரிந்து பிரயோசனமில்லை. 58 வயது பிந்திவிட்டதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பலகையே நூறு வயதில்தானே உங்களிடம் வந்திருக்கிறது.

கேள்வி: என் வீட்டுக்காரர் காரைத் தெருவில் விட்டுவிட்டு ஷெட்டில் ராத்திரி பத்து மணி வரை இருக்கிறார். லுங்கியும் தோளில் துண்டுமாக லேத் ஓட்டுகிறார். ஒரே தூசி. இதில் ஏதாவது மிச்சம் ஆகுமா? (சென்னை)

மிச்சம் ஆகாதும்மா. நான் செய்த முதல் நாற்காலிக்கு ஆன செலவில் கடையில் ஆறு நாற்காலி வாங்கியிருக்கலாம். என் வீட்டில் அந்தக் கணக்கு இன்னும் சொல்லிக் காட்டப்படுகிறது.

ஆனால் நீங்கள் சொன்ன மற்ற இரண்டும் விளையாட்டல்ல. சுற்றும் லேத் பக்கத்தில் துண்டு, லுங்கி, கையுறை மூன்றும் ஆகாது. துணி நுனியை மெஷின் பிடித்தால் ஆளை இழுக்கும். கையை எடுக்க நேரம் தராது. அரைக்கை பனியன், கால்சட்டை, கண்ணாடி. அது இல்லாமல் மெயின் சுவிட்சைப் போடாதீர்கள் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. ஈட்டி மரத்தூளும் தேக்குத்தூளும் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தரும். கைக்குட்டை கட்டுவது கண்துடைப்பு. என்95 மாஸ்க் போடட்டும். பெருக்கும்போதும் போடட்டும், அப்போதுதான் நைஸ் தூள் கிளம்பும்.

பத்து மணி அதிகம்தான். எங்கள் வீட்டில் எட்டரைக்குச் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சத்தம் கேட்கும். அதற்கு மேல் மெஷின் ஓடினால் தட்டு உள்ளே போய்விடும்.