இடம் மாறும் சிவப்புத் திட்டுக்குப் பயப்படாதீர்கள், கன்னத்தில் அடக்கும் புகையிலைக்குப் பயப்படுங்கள்

கேள்வி: எனக்கு 46 வயது. கம்பத்திலிருந்து ஜீப்பில் வண்டன்மேட்டுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வருகிறேன். ஆறு மாதமாக நாக்கில் சிவப்புத் திட்டு வருகிறது, ஓரத்தில் வெள்ளைக் கோடு. ஒரு வாரம் நடுவில் இருக்கும், அடுத்த வாரம் பக்கத்தில் இருக்கும். காரம் பட்டால் எரிச்சல் தாங்கவில்லை. நாக்கின் பின்பக்கம் குண்டு குண்டாக வேறு தெரிகிறது. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, கடையில் கொடுத்த களிம்பு எல்லாம் போட்டுப் பார்த்தேன். மகன் செல்போனில் பார்த்துவிட்டுப் புற்றாக இருக்கும் என்கிறான். என் பெரியம்மா வாய்ப்புற்றில்தான் இறந்தார். பேத்திக்கு ஒட்டிவிடுமோ என்று தம்ளரைத் தனியாக வைத்திருக்கிறேன். வேலை நேரத்தில் வெற்றிலை புகையிலை போடுவேன், அது சின்ன வயதுப் பழக்கம்.
– ஒரு வாசகி, கம்பம்

பதில்: தம்ளரை முதலில் எடுத்து உள்ளே வையுங்கள் அம்மா. பேத்தியைத் தூக்கிக் கொஞ்சலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது ஜியோகிராஃபிக் டங் என்கிற தொந்தரவு. கிருமியால் வருவதில்லை, அதனால் ஒட்டாது. புற்றாகவும் மாறாது. நாக்கின் மேல்பரப்பில் சன்னமான முளைகள் நெருக்கமாக இருக்கும். அவை ஓரிடத்தில் உதிர்ந்தால் அந்த இடம் சிவந்து வழவழப்பாகத் தெரியும். சில நாளில் அங்கே முளைத்துவிடும், வேறு இடத்தில் உதிரும். நூறு பேரில் ஒருவர் முதல் மூன்று பேருக்கு இது இருக்கிறது. பலருக்கு இருப்பதே தெரியாது.

பின்பக்கத்துக் குண்டுகள் எல்லார் நாக்கிலும் பிறவியிலேயே இருப்பவை. கண்ணாடி முன் நாக்கை நீட்டி உங்கள் மகனையே பார்க்கச் சொல்லுங்கள், அவருக்கும் இருக்கும். செல்போனில் நாக்கு என்று தேடினால் முற்றிய புற்றின் படம்தான் முதலில் வந்து நிற்கும். அந்தப் படத்தோடு உங்கள் நாக்கை ஒப்பிட்டு ஆறு மாதம் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

சரி, உங்கள் கடிதத்தில் நான் நின்று படித்தது கடைசி வரியை. பெரியம்மாவை நினைத்துப் பயப்படுகிறீர்கள், ஆனால் பயத்தைத் தப்பான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். இடம் மாறுகிற, எரிகிற திட்டு உங்களுக்கு எதிரி இல்லை. வாய்ப்புற்று பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது, எரியாது. ஒரே இடத்தில் இருக்கும், நகராது. நாக்கின் பக்கவாட்டு ஓரம், வெற்றிலை அடக்குகிற கன்னத்தின் உட்புறம், கீழ் ஈறு, இந்த இடங்களில் வரும் ஒரு புண் இரண்டு வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றால் உடனே காட்டியாக வேண்டும். வலி இருக்கிறதா இல்லையா என்பது கணக்கே இல்லை. விரலால் தொட்டால் அடியில் கெட்டியாக இருந்தால், துடைத்தாலும் போகாத வெள்ளையோ சிவப்போ ஒரே இடத்தில் படிந்திருந்தால், அப்போதும் அப்படித்தான். கூரான பல் குத்தி வந்த புண் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். பல்லை ராவியபின் இரண்டு வாரத்தில் ஆறினால்தான் அது பல்லால் வந்த புண்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். காரம் பட்டால் எரிவது ஜியோகிராஃபிக் டங்கில் வரும். பாக்கு மெல்லுபவர்களுக்குக் கன்னத்தின் உட்புறத் தோல் இறுகிப்போகும் நோயிலும் முதலில் தெரிவது அதே எரிச்சல்தான். உங்கள் மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் செங்குத்தாக அடுக்கி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் வாய் இறுக ஆரம்பித்துவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். அந்த இறுக்கம் தானாகத் திரும்பாது, பின்னாளில் புற்றாகவும் மாறலாம். புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குதான் போடுகிறேன் என்று தோட்டத்துப் பெண்கள் என்னிடம் சொல்வதுண்டு. அது போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே பாக்கையும் புற்றை உண்டாக்கும் பொருளாக அறிவித்துவிட்டது. குனிந்து நிமிர்ந்து காய் எடுக்கிற அசதிக்கும் பசிக்கும் அது எப்படித் துணையாகிறது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் விடத்தான் வேண்டும். தனியாக முடியாவிட்டால் 1800-11-2356 என்ற அரசின் கட்டணமில்லா எண்ணில் கூப்பிடுங்கள், தமிழிலும் பேசுவார்கள்.

எரிச்சலுக்கு வருகிறேன். அந்தக் களிம்பை இன்றே நிறுத்துங்கள். கடையில் கேட்டு வாங்கும் இந்த வகைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். மாதக்கணக்கில் தடவினால் நாக்கில் பூஞ்சை வந்து வெள்ளையாகப் படியும், பார்க்கிற மருத்துவரையும் குழப்பும். பி காம்ப்ளெக்ஸும் இப்படிக் கண்மூடித்தனமாக வேண்டாம். நாக்கு முழுவதும் வழவழப்பாகி, அசதியும் மூச்சுவாங்கலும் இருந்தால் இரும்புச்சத்தோ பி12-ஓ குறைந்திருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்து எது குறைவோ அதை அளவோடு கொடுத்தால்தான் பலன்.

திட்டு தெரிகிற நாட்களில் புளிச்சோறும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். மோர்ச்சோறு, கஞ்சியும் பயறும் கொண்டுபோங்கள். கப்பை, அதாவது மரவள்ளிக்கிழங்கு, சாப்பிடலாம்; காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி வேண்டாம், தேங்காய்த் துவையல் போதும். கட்டஞ்சாயா என்கிற பால் இல்லாத தேநீரை ஆறவிட்டுக் குடியுங்கள். கிராம்பு, புதினா போட்ட காரமான பேஸ்ட்டை மாற்றிக் குழந்தைகள் பேஸ்ட்டில் பல் தேய்த்துப் பாருங்கள், அதிலேயே பலருக்குப் பாதி எரிச்சல் குறைகிறது. திட்டு இல்லாத நாட்களில் எதையும் ஒதுக்க வேண்டியதில்லை, மீன் குழம்பு உட்பட.

கடிதத்தை வைத்து நான் சொன்னது போதாது, வாய்க்குள் ஒருவர் பார்த்தாக வேண்டும். வேலைக்குப் போகாத ஒரு நாளில், இந்த வாரமே, அரசு மருத்துவமனைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வாரம் ஒரு முறை நாக்கைப் படம் எடுத்து வைத்திருந்தால் கொண்டுபோங்கள், திட்டு நகர்வதை அவரே பார்த்துக்கொள்வார். வெற்றிலை போடுவதை மட்டும் மறைக்காதீர்கள். எந்தக் கன்னத்தில் அடக்குவீர்கள் என்று சொல்லி, அந்தப் பக்கத்தை விரல் விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.