மலேரியா மாத்திரையும் ஒரு தளபதியும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

இரண்டாம் உலகப் போரில், பர்மாவில் ஜப்பானியரை எதிர்த்த பிரிட்டிஷ் பதினான்காம் படையை நடத்திய வில்லியம் ஸ்லிம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இம்பால், கோஹிமா வெற்றிகளை நாலு வரியில் முடித்துவிட்டு, மலேரியா மாத்திரையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். தளபதியைப் போர்க்களத்தில் வைத்துத்தானே பார்க்க வேண்டும்?

ப., தஞ்சாவூர்

அன்புள்ள ப.,

களத்தில் நிற்க முதலில் ஆள் வேண்டுமே. 1943-ல் ஸ்லிம் பொறுப்பேற்றபோது, காயம்பட்டு வெளியேற்றப்பட்டவர் ஒருவர் என்றால் நோயால் வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர். மலேரியாவைத் தடுக்கும் மெப்பாக்ரின் மாத்திரை கையில் இருந்தும் சிப்பாய்கள் விழுங்கவில்லை. ஆண்மை போய்விடும் என்று ஒரு வதந்தி. ஸ்லிம் முன்னறிவிப்பில்லாமல் ஏதாவது ஒரு பட்டாளத்தில் அத்தனை பேரையும் பரிசோதிக்கச் சொல்வார். நூற்றுக்கு 95 பேராவது மாத்திரை சாப்பிட்டிருக்காவிட்டால் அதன் தலைமை அதிகாரிக்குப் பதவி போய்விடும். மூன்று பேரை நீக்கியதுமே மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. 1945-ல் நோயில் விழுந்தவர்கள் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு ஒருவர்தான். படைக்கு விமானத்திலிருந்து சாமான் இறக்கப் பாராசூட் துணி கிடைக்காதபோது கல்கத்தா சணல் ஆலைகளில் சணலிலேயே பாராசூட் செய்ய வைத்தவரும் இவரே.

பர்மிங்காமில் இரும்புச் சாமான் வியாபாரியின் மகன் அவர். ஏழைப் பிள்ளைகளின் பள்ளியில் வாத்தியாராகவும், பிறகு ஒரு குழாய்க் கம்பெனியில் குமாஸ்தாவாகவும் இருந்துவிட்டு 1914-ல் ராணுவத்துக்கு வந்தார். 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது, அங்கிருந்து சுமார் 1,400 கிலோமீட்டர் பின்வாங்கிய படையை இம்பால்வரை கொண்டுவந்து சேர்த்தார். நம் ஜனங்களும் அந்த வருஷம்தான் பர்மாவிலிருந்து காடும் மலையுமாக நடந்து வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்கள் ஏராளம். பசியும் நோயும் மனிதரை என்ன செய்யும் என்பதை ஸ்லிம் அந்தப் பாதையில் கண்ணால் பார்த்தார்.

சரி, களத்துக்கே வருகிறேன். 1944-ல் கோஹிமாவுக்கு ஜப்பானியர் ஒரு ரெஜிமெண்டைத்தான் அனுப்ப முடியும் என்று அவர் கணக்குப் போட்டார். வந்தது பல ரெஜிமெண்ட்கள் சேர்ந்த 31-ம் டிவிஷன் முழுவதும். இது தன் தவறு என்று 1956-ல் வந்த தன் நினைவு நூலில் அவரே எழுதினார். சிப்பாய்களின் விடாப்பிடியான வீரம்தான் தன்னைக் காப்பாற்றியது என்றும் ஒப்புக்கொண்டார். எனக்கு அவர்மேல் மதிப்பு உயர்ந்தது அந்தப் பக்கத்தில்தான். அந்தச் சிப்பாய்களில் கோஹிமாவுக்கு வரும் வழியில் ஜெஸ்ஸாமியிலும் காரசோமிலும் ஜப்பானியரை மறித்து நின்ற அஸ்ஸாம் ரெஜிமெண்ட்டும் உண்டு. அது தொடங்கி அப்போது மூன்று வருஷம்கூட ஆகவில்லை.