நான்கு மணி பஜ்ஜியை எப்படி மறுப்பது?

கேள்வி: எனக்கு வயது 43. திருச்சியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். சென்ற மாதப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரையின் இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எண்) 6.1 என்று, சர்க்கரை நோயின் விளிம்பில் வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. வீட்டில் கட்டுப்பாடாகத்தான் சாப்பிடுகிறேன். அலுவலகத்தில் முடியவில்லை. பிறந்தநாள், பதவி உயர்வு, பணி ஓய்வு என்று ஏதாவது ஒரு சாக்கில் இனிப்பு வந்துகொண்டே இருக்கிறது. மாலை 4 மணிக்கு டீயுடன் வடை, பஜ்ஜி. வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். ‘உனக்கு மனக்கட்டுப்பாடு போதாது’ என்கிறார் கணவர். என்ன செய்வது?

மருத்துவர் பதில்: மனக்கட்டுப்பாட்டைப் பற்றிய பேச்சை ஒதுக்கிவிட்டு, உங்கள் மதிய டிபன் டப்பாவைப் பற்றிப் பேசுவோம். அதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் என்னிடம் வரும் வேலைக்குப் போகும் பெண்கள் பலரின் கதை ஒன்றுதான். காலையில் எல்லோருக்கும் கட்டிக்கொடுத்துவிட்டு, நின்றபடியே இரண்டு இட்லி. மதியம் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும், அல்லது தயிர்ச் சாதமும் ஊறுகாயும். வயிறு நிறையும், புரதமும் நார்ச்சத்தும் மிகக் குறைவு. அரிசிச் சோறு மட்டும் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை விறுவிறுவென ஏறும். அது இறங்கும் நேரத்தில் பலருக்கு மறுபடி பசிக்கும். பிற்பகலில் உடல் இயல்பாகவே சற்றுச் சோர்ந்துபோகும். இரண்டும் சேர்ந்து நிற்கிற நேரத்தில்தான் எண்ணெய் மினுக்கும் வாழைக்காய் பஜ்ஜி மேசைக்கு வருகிறது. அப்போது போராடி வெல்பவர்கள் குறைவு. போராட்டத்தை 1 மணிக்கே முடித்துவிடுவது நல்லது.

டப்பாவில் சாதத்தைப் பாதியாகக் குறையுங்கள். அந்த இடத்தில் கீரைக் கூட்டு, பொரியல், அவித்த முட்டை அல்லது சுண்டல் வைத்துக்கொள்ளுங்கள். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாதத்துக்கு வந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடந்தால் இன்னும் நல்லது. பிறகு மூன்றரை மணிக்கு, பஜ்ஜி வருவதற்கு முன்பே, ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ ஒரு கொய்யாவோ சாப்பிட்டு ஒரு டம்ளர் மோர் குடியுங்கள். பசித்த வயிறு பஜ்ஜியைப் பார்ப்பதற்கும் பசியாறிய வயிறு பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வாரத்தில் உணர்வீர்கள்.

டீயையும் கணக்கில் சேருங்கள். ஒரு நாளைக்கு மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் சுமார் 30 கிராம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் சேர்க்கப்படும் சர்க்கரைக்கு விரும்பத்தக்க அளவாகச் சொல்வது ஏறக்குறைய 25 கிராம். இனிப்புப் பெட்டியைத் திறக்கும் முன்பே அந்த அளவைத் தாண்டிவிடுகிறீர்கள். பிளாஸ்கில் சர்க்கரை கலந்தே வருகிறது என்றால், டீ கொண்டுவருபவரிடம் உங்களுக்கு மட்டும் தனியாகக் கேளுங்கள். இரண்டு நாளில் அவருக்குப் பழகிவிடும். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எதற்கு மாறினாலும் ரத்தச் சர்க்கரைக்கு விலக்கு இல்லை. ‘சர்க்கரை இல்லாத’ பிஸ்கட்டும் பெரும்பாலும் மைதாவும் கொழுப்பும்தான்.

இனி, கோபித்துக்கொள்ளும் சக ஊழியர்கள். மருந்துச் சீட்டில் எழுதித் தர முடியாத பகுதி இதுதான். நம் ஊரில் இனிப்பை மறுப்பது உணவை மறுப்பதாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. அவர்கள் வீட்டு நல்ல செய்தியை மறுப்பதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ‘மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது’ என்று மைசூர்பாகை நீட்டுகிறவரிடம் கலோரி பேசினால் முகம் வாடத்தான் செய்யும். எனவே முதலில் செய்திக்குப் பதில் சொல்லுங்கள். எந்தக் கல்லூரி, என்ன பாடம், விடுதியா என்று கேளுங்கள். பிறகு ஓர் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, ‘எனக்கு இது போதும்’ என்று சிரித்துவிட்டு வேலையைப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கிள்ளல் போதும். திருப்பதி லட்டும் பழநி பஞ்சாமிர்தமும் அப்படித்தான்: பிரசாதத்துக்கு அளவு கிடையாது, விரல் நுனியில் தொட்டுக்கொண்டாலும் பிரசாதம்தான்.

‘டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார்’ என்று காரணம் சொல்வதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்த நொடியே அலுவலகத்தில் உள்ள அனைவரும் மருத்துவர்களாகிவிடுவார்கள். ஒருவர் பாகற்காய்ச் சாறு சொல்வார், இன்னொருவர் ஆவாரம்பூ, மூன்றாமவர் ‘ஒரு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது’ என்பார். ‘வீட்டுக்கு எடுத்துப்போகிறேன்’ என்பதும் ஆபத்தான தந்திரம். இரவு 9 மணிக்குத் தொலைக்காட்சிக்கு முன்னால் அது முழுதாகத் தீரும். விடாமல் வற்புறுத்தும் ஒருவர் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அவரிடம் மட்டும் தனியாக, உங்கள் அம்மாவின் சர்க்கரை நோயைச் சொல்லி, உதவி கேளுங்கள். வற்புறுத்துகிறவரே பெரும்பாலும் நல்ல காவலராக மாறிவிடுவார்.

இனிப்புப் பெட்டி உங்கள் மேசைக்கு அருகில் இருந்தால் தூரமாக நகர்த்துங்கள். பஜ்ஜியே வேண்டாம் என்று சத்தியம் செய்ய வேண்டாம். வாரத்தில் ஒரு நாளை நீங்களே தேர்ந்தெடுத்து, ஒன்றை ரசித்துச் சாப்பிடுங்கள். அன்று அதை அச்சடித்த செய்தித்தாளில் வைத்துப் பிழியாதீர்கள். மை உணவில் கலக்கும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது.

இதனாலெல்லாம் பயன் உண்டா என்று கேட்பீர்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் உங்களைப் போல நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. பெரும்பாலும் அலுவலக வேலையில் இருந்த நடுத்தரக் குடும்பத்தினர். மூன்று ஆண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் தொடர்ந்து கவனித்தவர்களில் அது 39 சதவீதம். வராமலே போகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த இடைவெளி சிறியதல்ல.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பது பொது விதி. ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இந்த எண்ணைச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். 43 வயதில், அதிலும் மாதவிடாய்ப் போக்கு அதிகமுள்ள பெண்களுக்கு, இது அரிதல்ல. எனவே ஹீமோகுளோபின், வெறும் வயிற்றுச் சர்க்கரை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரை ஆகிய மூன்றையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இடுப்புச் சுற்றளவையும் அளந்து வையுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் வரம்பு. ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைத்தான் காட்டும் என்பதால், அதை அடுத்த வாரமே மறுபடி எடுக்க வேண்டாம், மூன்று மாதம் கழித்து எடுங்கள். இடையில் தாகமும் சிறுநீரும் அதிகமானாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.