நியூ ஆர்லியன்ஸில் என்ன சாப்பிடலாம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: கேஜன், கிரியோல் இரண்டும் ஒன்றுதானே?

பங்காளிகள்தான், ஆனால் அடுப்பு வேறு. கிரியோல் என்பது நகரத்துச் சமையல். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், 1718இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த ஊர் இது. பிறகு ஸ்பானியர் ஆண்டார்கள். அடுப்படியில் நின்று சமைத்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும். கேஜன் என்பது நாட்டுப்புறச் சமையல். 1755 முதல் பிரிட்டிஷார் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து விரட்டிய, பிரெஞ்சு வழிவந்த அகேடியர்கள், லூசியானாவின் சதுப்புநிலங்களில் கிடைத்ததை ஒரே சட்டியில் போட்டு ஆக்கியது. ஜம்பலாயா சோறு தக்காளிச் சிவப்பில் இருந்தால் கிரியோல், பழுப்பாக இருந்தால் கேஜன் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுப்புறக் கைமணமே வேண்டுமென்றால் மேற்கே லாஃபயெட் வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரில் போக வேண்டும்.

கேள்வி: கம்போ என்பது வெண்டைக்காய்க் குழம்பா?

பெயர் அதுதான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காய்க்கு வழங்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் வெண்டைக்காயே இல்லாத கம்போவும் உண்டு. அதற்குக் கொழகொழப்புத் தருவது சாஸஃப்ராஸ் இலைப்பொடி. உள்ளூர்ப் பூர்வகுடிகளான சோக்டாக்கள் தந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் தூவ வேண்டும், கொதித்தால் நூல் நூலாக இழுக்கும்.

உயிர் இருப்பது ‘ரூ’வில். எண்ணெயில் மைதாவைப் போட்டு, கை ஓயாமல் கிண்ட வேண்டும். முதலில் வெள்ளை, பிறகு வேர்க்கடலை நிறம், பிறகு செம்பு, கடைசியில் சாக்லேட். முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். ஒரு கரும்புள்ளி தெரிந்தாலும் கொட்டிவிட வேண்டியதுதான். தொலைபேசியை எடுக்கப் போய் நான் இரண்டு முறை கொட்டியிருக்கிறேன். நிறம் வந்ததும் வெங்காயம், செலரி, பச்சைக் குடைமிளகாய் மூன்றையும் அதில் கொட்டினால் சடசடவென்று சத்தம் அடங்கி, வறுத்த கொட்டை வாசனை எழும். இந்த மூன்றுக்கும் ‘புனித மும்மை’ என்று பெயர். கத்தோலிக்க ஊர் அல்லவா!

கேள்வி: நாங்கள் சைவம். பட்டினியா?

பட்டினி இல்லை, எச்சரிக்கை வேண்டும். ‘பச்சைக் கம்போ’ என்று கீரைகளால் செய்வதில்கூடப் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். சிவப்புக் காராமணி போலத் தோன்றும் பீன்ஸ் சோற்றில் பன்றி எலும்பு வெந்திருக்கும். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கேள்வி: அந்தப் பீன்ஸ் சோறு ஏன் திங்கட்கிழமை மட்டும்?

மற்ற நாளிலும் கிடைக்கும். திங்கள் துணி துவைக்கும் நாள். ஞாயிறு விருந்தில் மிஞ்சிய எலும்போடு பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டால், பெண்கள் துவைத்து முடிக்கும் வரை தானே வேகும். இந்த ஊரில் பிறந்த ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் தன் கடிதங்களை இந்த உணவின் பெயரைச் சொல்லித்தான் முடிப்பார்.

கேள்வி: ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போவது?

காலையில் ஜாக்சன் சதுக்கத்துக்கு எதிரே, 1862 முதல் இருக்கும் கஃபே டு மோண்ட் காபிக்கடை. மதியம் ஏதாவது ஒரு தெருமுனைக் கடையில் நீள ரொட்டிக்குள் பொரித்த இறால் வைத்த போ பாய். 1929 டிராம் வேலைநிறுத்தத்தில், முன்னாள் டிராம் ஊழியர்களான மார்ட்டின் சகோதரர்கள் வேலைநிறுத்தக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்த ரொட்டியிலிருந்து இந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ‘ஏழைப் பையன்’ என்று பொருள். இரவுக்கு, திறந்திருக்கும் நாள் பார்த்து, ட்ரெமே பகுதியில் டூக்கி சேஸ் உணவகம். 2019இல் மறைந்த லியா சேஸ் அம்மையார் கோலோச்சிய சமையலறை அது. நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலத்தில், உரிமைப் போராட்டக்காரர்கள் அதன் மாடியில் கம்போ சாப்பிட்டபடி கூட்டம் போட்டார்கள்.

கேள்வி: அங்கே காபி எப்படி?

சிக்கரி போட்டது! கும்பகோணத்துக்காரர் முகம் மலரும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் துறைமுகம் முற்றுகையானபோது காபிக்கொட்டை கிடைக்காமல் சிக்கரி கலந்தார்கள். போர் முடிந்தும் நாக்கு விடவில்லை. சூடான பாலைச் சரிபாதி சேர்த்துத் தருவார்கள். கூடவே பென்யே, நம் போண்டாவைப் போல் பொங்கிய சதுரப் பலகாரம், மேலே மலையாகச் சர்க்கரைப் பொடி. கடிக்கும்போது மூச்சு விடாதீர்கள், கறுப்புச் சட்டையும் வேண்டாம்.