ராடரில் செக்கச்செவேல், மழைமானியில் நாலு மில்லிமீற்றர்

"ராடர் படத்தில் கொழும்பு முழுக்கச் சிவப்பு. மொட்டைமாடியில் வைத்திருக்கும் மழைமானியிலோ நாலு மில்லிமீற்றர்தான். எதை நம்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் பொய் சொல்லும். எது எந்த இடத்தில் சொல்லும் என்று தெரிந்து வைத்திருந்தால் போதும். கான் வெட்டுவதற்கு மழைக்கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் உச்சியில் நானும் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் அடிபட்ட அனுபவம் உண்டு.

முதலில், நீங்கள் பார்த்தது ராடர்தானா? போனில் வரும் வண்ணப்படங்களில் பாதி செயற்கைக்கோள் கணிப்பு, இல்லாவிட்டால் கணினி போட்ட ஊகம். உண்மையான ராடர் படமாகவே இருந்தாலும் ராடர் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மாரி தொடங்கினால் எங்கள் குடும்ப வொட்ஸ்அப்பில் பெரியப்பா காரைக்கால் ராடர் படத்தை அனுப்பிக்கொண்டே இருப்பார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் சித்திக்கு அது பிரயோசனம், காரைக்காலில் இருந்து 140 கிலோமீற்றர்தான். கொழும்புக்கு ஏறத்தாழ 440 கிலோமீற்றர். ராடர் கதிரைத் தரையோடு தரையாக அனுப்ப முடியாது, வழக்கமாக அரைப் பாகையாவது மேல்நோக்கித்தான் அனுப்புவார்கள். போகப் போகப் பூமியும் வளைந்து கீழே இறங்கிவிடும். 100 கிலோமீற்றரில் கதிர் ஒன்றரை கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும், 200இல் நாலு கிலோமீற்றர். கொழும்புக்கு வந்து சேரும்போது 15 கிலோமீற்றர். அந்த உயரத்தில் பெரிய இடிமேகத்தின் தலை இருந்தால் படும், காலி வீதியில் பெய்கிற மழை எங்கே படப் போகிறது? பெரியப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "படம் வடிவாத்தானே இருக்கு" என்கிறார்.

சரி, ராடர் பக்கத்திலேயே இருக்கிறது என்று வைப்போம். அப்போதும் அது தண்ணீரை அளப்பதில்லை. துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியை அளக்கிறது. வில்லங்கம் இங்கேதான் தொடங்குகிறது. எதிரொலியின் பலம் துளி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும், தண்ணீரின் அளவோ மூன்றாம் அடுக்கில்தான் ஏறும். 2 மில்லிமீற்றர் துளி ஒன்று, 1 மில்லிமீற்றர் துளிகள் 64 சேர்ந்து தரும் எதிரொலியைத் தனியாளாகத் தந்துவிடும். ஆனால் அதில் இருப்பது எட்டுத் துளித் தண்ணீர்தான். பெருந்துளி நாலு விழுந்தாலே ராடர் பயந்துவிடும் என்று வையுங்களேன்.

எதிரொலியை மழையாக மாற்ற ஒரு சூத்திரம் வேண்டும். மார்ஷல், பாமர் என்ற இரண்டு ஆய்வாளர்களின் பெயரில் வழங்குவது இன்றைக்கும் ஓடுகிறது: எதிரொலி என்பது 200 பெருக்கல் மழைவீதத்தின் 1.6ஆம் அடுக்கு. வெப்பமண்டல மழைக்கு 250, 1.2 என்று வேறு இலக்கங்கள் போடுவார்கள். 40 டெசிபல் எதிரொலி ஒன்றை, அதாவது சூத்திரத்தில் 10,000ஐ, எடுத்து இரண்டிலும் போட்டுப் பாருங்கள். முதலாவது மணிக்கு 11.5 மில்லிமீற்றர் என்னும், இரண்டாவது 21.6 என்னும். ஒரே மேகம், ஒரே எதிரொலி, மழை மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! ஆலங்கட்டியோ மேலே உருகும் பனியோ குறுக்கே வந்தால் இன்னும் கூட்டிக் காட்டும். கிடையாக அதிரும் அலையையும் நிலைக்குத்தாக அதிரும் அலையையும் அனுப்பித் துளியின் தட்டையான வடிவத்தைப் பார்க்கும் புது ராடர்கள் இந்தக் குழப்பத்தைக் கொஞ்சம் குறைக்கின்றன.

அப்படியென்றால் மழைமானிதான் உத்தமனா? அதுவும் இல்லை. 20 சென்ரிமீற்றர் வாய் உள்ள மானி, ஒரு சதுர கிலோமீற்றரில் மூன்று கோடியில் ஒரு பங்குக்குத்தான் சாட்சி. மழைமானிக்கு வெள்ளவத்தையில் பெய்தது தெரியும், கொட்டாஞ்சேனையில் பெய்தது தெரியாது. சித்திரை மாதத்துப் பின்னேர இடிமழையில் இந்த இரண்டு இடத்துக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் வரும். அப்புறம் காற்று. நான் முதலில் மானியைத் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். கடற்காற்று தாங்கியில் மோதிச் சுழன்று துளிகளை மானியின் வாய்க்கு மேலாகவே தள்ளிக்கொண்டு போய்விட்டது. பலத்த மழையில்கூடக் குறைவாகவே காட்டியது. உங்கள் நாலு மில்லிமீற்றருக்கும் இதுவே காரணமாக இருக்கலாம், மானி எங்கே இருக்கிறது என்று ஒருதரம் பாருங்கள்.

காகத்தையும் சொல்ல வேண்டும். ஒருநாள் கீழே ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர், ஓட்டோ ஒன்று நடுவில் நின்றுவிட்டது, மேலே என் மானியில் பூச்சியம். ஏறிப் பார்த்தால் புனலின் கழுத்தில் ஊறிப்போன பாண் துண்டு ஒன்று அடைத்துக்கொண்டு கிடக்கிறது. தண்ணீர் விளிம்பு வரை நிரம்பி வெளியே வழிந்திருந்தது. மதில்மேல் காகம் என்னைச் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைய கணக்கை விட்டுவிட்டேன். இப்போது புனலில் கம்பிவலை போட்டிருக்கிறேன்.

அதனால் தொழில் செய்பவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மழை எங்கே பெய்தது என்பதை ராடரிடம் கேட்பார்கள், எவ்வளவு என்பதை மானிகளிடம். ஒரு மழையில் பத்து மானிகள் சேர்ந்து 120 மில்லிமீற்றர் காட்டி, அதே பத்து இடத்துக்கும் ராடர் 80 சொல்லியிருந்தால், ராடர் படம் முழுவதையும் ஒன்றரையால் பெருக்குவார்கள். இது பரும்படியான முறை. ஒவ்வொரு மானிக்கும் அக்கம்பக்கத்தை மட்டும் திருத்தும் முறைகளும் உண்டு. மானிகள் அடர்த்தியாக இருந்தால்தான் அவை எடுபடும். ஆனால் பழைய கதை வேண்டுமென்றால் மானிதான். 1992 ஜூன் 4இல் கொழும்பில் 490 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது என்று இன்றைக்கு நான் கணக்கில் போட முடிகிறதென்றால், யாரோ ஒருவர் அடுத்த நாள் காலையில் போய் மானியைப் பார்த்து எழுதி வைத்ததால்தான்.

காலை என்றதும் ஒன்று. வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாள் மழை காலை 8.30 முதல் அடுத்த காலை 8.30 வரை. நீங்கள் இரவு பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று எழுதினால் பின்னேர மழையும் விடியற்கால மழையும் வேறு வேறு நாளில் போய் விழும், பிறகு "என் மானி பிழை" என்று மண்டையைப் போட்டு உடைப்பீர்கள். ஒரு மாதம் 8.30க்கு எழுதிப் பாருங்கள். தாங்கிப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள்.