40 கி.மீ. வேகத்துக்கும் 60 கி.மீ. வேகத்துக்கும் அப்படியென்ன வேறுபாடு? முன்வண்டிக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

திருவொற்றியூரிலிருந்து மணலிக்கு நாள்தோறும் கண்டெய்னர் லாரிகளுக்கிடையே இருசக்கர வண்டியில் சென்று வருபவன் என்பதால், இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன்.

ஆபத்தைக் கண்ட கணத்திலேயே வண்டியின் வேகம் குறைந்துவிடுவதில்லை. கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்துவதற்குள் ஏறத்தாழ ஒன்றரை வினாடி கழிந்துவிடும். அதுவரை வண்டி பழைய வேகத்திலேயே ஓடும். காய்ந்த சாலையில் 40 கி.மீ. வேகத்தில் வரும் நல்ல நிலையிலுள்ள கார், அந்த நேரத்தில் 17 மீட்டர் ஓடி, பிரேக் பிடித்தபின் மேலும் சுமார் 9 மீட்டரில் நின்றுவிடும். 60-இல் வரும் அதே காருக்கோ, பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குள்ளாகவே 25 மீட்டர் கடந்துவிட்டிருக்கும். ஆகவே முதல் கார் நின்ற இடத்தில் ஒருவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தால், இரண்டாவது கார் ஏறக்குறைய முழு வேகத்துடன் அவர்மேல் மோதும். சென்னையில் 2023 நவம்பரில் வேக வரம்புகளை மாற்றியபோது குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 என்று வைத்தது மிகவும் சரி என்றே நான் கருதுகிறேன்.

இடைவெளியை மீட்டரில் அளக்க முயல வேண்டாம், வினாடியில் எண்ணுங்கள். முன்வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைக் கடந்ததும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாகச் சொல்லுங்கள், அதற்கு இரண்டு வினாடி பிடிக்கும். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தை எட்டிவிட்டால், நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். வேகம் கூடினால் அதே இரண்டு வினாடிக்குள் அடங்கும் தூரமும் தானாகக் கூடுவதால், எந்த வேகத்திலும் இந்தக் கணக்கு உதவும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் நான் அன்றாடம் காணும் பெரும் ஆபத்து, டிரெய்லர் லாரிக்கு முன்னால் இருக்கும் இடைவெளியில் இருசக்கர வண்டிகள் நுழைவதுதான். நானும் பல ஆண்டுகள் அப்படி நுழைந்தவன். ஒருநாள் டீக்கடையில் ஒரு லாரி ஓட்டுநர், "தம்பி, நான் விடுற கேப்பு நீ நுழையறதுக்கு இல்ல, என் பிரேக்குக்கு" என்றார். ஏர் பிரேக்கில் காற்றழுத்தம் குழாய் வழியே சக்கரங்களைச் சென்றடையவே சிறிது நேரம் பிடிக்கும். சுமையேற்றிய டிரெய்லருக்கு நிற்கும் தூரமும் காரைவிட மிக அதிகம். அந்த இடத்தில் நாம் புகுந்து பிரேக் பிடித்தால், அவர் எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் லாரி நிற்காது.

"இடைவெளி விட்டால் ஆட்டோ நுழைந்துவிடுகிறதே" என்பார்கள். நுழையட்டும், சற்றே வேகத்தைக் குறைத்து மீண்டும் இரண்டு வினாடி விடுங்கள், பத்து ஆட்டோ நுழைந்தாலும் வீடு சேர அரை நிமிடம்கூடத் தாமதமாகாது. மழை நாளில் நான் நான்கு வரை எண்ணுகிறேன்.