மனச்சோர்வு வந்தால் குளிக்கக்கூட முடியாமல் போகுமா?

உங்கள் தம்பி மனச்சோர்வு என்று சொல்லி நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறார், குளிப்பதுகூட இல்லை, இது சோம்பலா நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படிக் கிடந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் வராது, ஆனால் எட்டு மணியானாலும் எழுந்திருக்க முடியாது. குளிப்பது உங்களுக்கு ஒரு வேலை. எனக்கோ எழுந்து உட்காருவது, துண்டைத் தேடுவது, மாற்றுத்துணி எடுப்பது என்று பத்து வேலையாகத் தெரியும், முதலாவதிலேயே நின்றுவிடுவேன். ஒரே வரியை நான்கு தடவை படித்தாலும் மண்டையில் ஏறாது. மாலையில் கொஞ்சம் தெளிவேன். "இப்போ மட்டும் நல்லா இருக்கியே" என்பார்கள் வீட்டில். காலையில் மோசமாகவும் மாலையில் லேசாகவும் இருப்பது இந்த நோயில் பலருக்கும் உண்டு என்று மருத்துவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

சோம்பல் என்றால் பிடித்த விஷயத்துக்காவது உடம்பு எழும். இதில் பிடித்ததே பிடிக்காமல் போய்விடுகிறது. அப்படியோ, மனம் விடாமல் சோர்ந்தோ, கூடவே தூக்கம், பசி, கவனம் எல்லாம் கெட்டு 2 வாரம் தாண்டினால் மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும் இதே மாதிரி ஆளைச் சாய்க்கும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் சொல்லலாம். மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், குமட்டல் போன்ற தொல்லைகள் முதலில் வந்துவிடும்; நான் பத்தாம் நாளே நிறுத்தப் பார்த்தேன். சரியான பிறகும் பொதுவாக 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள், திடீரென்று நிறுத்தக் கூடாது.

"மனசைத் தைரியமா வச்சுக்கோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தத் தைரியம் எங்கிருந்து வருமோ அங்கேதான் நோய் உட்கார்ந்திருக்கிறது. "முகம் மட்டும் கழுவு, துண்டு நான் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

மருத்துவரிடம் நேரம் வாங்க நீங்களே போன் செய்துவிடுங்கள். அந்த நம்பரை மூன்று வாரம் கையில் வைத்துக்கொண்டு என்னால் அழைக்க முடியவில்லை, கடைசியில் அக்காதான் அழைத்தாள்.